ஊசியக்கா கடைக்கு வந்த நல்ல சட்டைகள்

எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வழிகாட்ட ஆள் கிடைக்காது. ஊசியக்கா என்று கேட்டால் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்து கை காட்டுவான். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். தையல் வேலை செய்வதால் வைத்த பெயர் என்று இத்தனை வருஷமாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவருடைய வாய்க்காக வைத்த பெயர் என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

என்னுடையது பூட்டு சாவிக் கடை. நேர் எதிரே அவர் கடை. ஒரு கட்டிலைப் போட்டால் நிற்க இடம் இருக்காது, அவ்வளவு அகலம்தான். ஜன்னலை ஒட்டி மிஷின், அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, சுவரில் மூன்று பலகை. தைக்க வந்த துணி மேல் பலகையில், பாதியில் நிற்பது நடுவில், தைத்து முடித்தது கீழே. யாராவது மேல் பலகைத் துணியைக் கீழ்ப் பலகையில் வைத்துவிட்டால் வைத்த ஆளுக்கு அன்றைக்கு முழுவதும் திட்டு விழும். எனக்கு விழுந்திருக்கிறது.

கல்யாணமாகி வந்தபோது அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாதாம். அவருடைய வீட்டுக்காரர் பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவர். தங்கமான மனிதர், ஆனால் தையல் கோணல். முதலாளி திருப்பி அனுப்பிய உறைகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். அக்கா அதைப் பிரிப்பார். பிரித்துப் பிரித்து, எந்த இடத்தில் நூல் இழுத்தது, எந்த இடத்தில் துணி சுருங்கியது என்று பார்த்துப் பார்த்துத்தான் தைக்கவே கற்றுக்கொண்டாராம். "உலகத்துல எல்லாரும் தைச்சுப் பழகுவாங்க, நான் பிரிச்சுப் பழகினவ" என்பார். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மிஷின்தான் துணை.

பிரித்துப் பழகியதால் அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. கிழிந்த துணியைக் கொடுத்தால் உடனே வாங்கிப் பலகையில் வைக்க மாட்டார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, கிழிசலின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவுவார். பிறகு, "எப்படிக் கிழிஞ்சது?" என்று டாக்டர் மாதிரி கேட்பார். தேய்ந்து கிழிந்ததற்கு ஒரு தையல், எதிலாவது மாட்டிக் கிழிந்ததற்கு வேறு தையல், உடம்பு பெருத்துக் கிழிந்ததற்குத் தையலோடு கொஞ்சம் புத்திமதி. பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதெல்லாம் மேற்குப் பக்கத்துத் தொழிற்சாலையை மூடும்வரை எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

அது குளிர்சாதனப் பெட்டி செய்கிற தொழிற்சாலை. எங்கள் தெருவையும் சுற்றியிருந்த நாலைந்து தெருக்களையும் சேர்த்தால் நானூறு பேர் அங்கே வேலை செய்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதோடு சரி. அடுத்த மாதமே தெரு காற்று வாங்க ஆரம்பித்தது. பேக்கரிக்காரர் இரண்டு அடுப்பில் ஒன்றை அணைத்துவிட்டார். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் யார் பூட்டு வாங்குவார்கள்? திருடன் வந்தாலும் எதையாவது வைத்துவிட்டுப் போனால்தான் உண்டு என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அக்காவின் மேல் பலகை காலியானது. புதுத் துணி தைக்க யாரும் வரவில்லை, அது புரிகிறது. கிழிந்ததைத் தைக்கக்கூட யாரும் வரவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. இரண்டு மாதம் பார்த்தார். பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்து, சாவி தொங்கும் ஆணிகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"தம்பி, பெரிய ஊர்ல என் தம்பி இருக்கான்ல, அங்க ஒரு துணிக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். வரச் சொல்லிட்டான். காலர் மட்டும் தைக்கணுமாம். நாள் பூரா காலர்."

"காலர் மட்டுமா?"

"சட்டையோட மீதி எங்க போகுதுன்னே தெரியாதாம். மிஷினை வாங்கிக்க ஒரு ஆள் இருபத்தி மூணாம் தேதி, வியாழக்கிழமை, வண்டியோட வர்றேன்னு சொல்லியிருக்கார். உன்கிட்ட சொல்லிடணும்னு வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கு வேண்டுமானாலும் கோபம் வரும், அது வேறு. இந்தக் கோபம் யார் மேல் என்று தெரியாமல் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கத்தினேன். என் வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாயால கத்தி என்ன ஆகப்போகுது" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு மறுநாளிலிருந்து என் சட்டைகளில் பட்டன்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதல் நாள் ஒன்று. அடுத்த நாள் கைப்பக்கம் இரண்டு. மூன்றாம் நாள் சட்டையை மாட்டினால் மேலிருந்து கீழ்வரை ஒன்றுகூட இல்லை. "என்னடி இது?" என்றேன். "ஊசியக்காகிட்ட குடுங்க, தைச்சுத் தருவாங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டும் அவள் வெட்கப்படவில்லை. பேக்கரிக்காரர் மனைவியிடமும் சொல்லியிருக்கிறாளாம். அந்தம்மா இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாராம்.

அப்புறம் கேட்கவா வேண்டும். ஒரே வாரத்தில் எங்கள் தெருவில் இருந்த நல்ல துணியெல்லாம் கிழிந்தது. பேக்கரிக்காரர் புதுத் தலையணை உறையின் ஓரத்தைக் கத்தியால் கீறினார். ஒருவர் ஜன்னல் திரையைப் பாதியில் பிளந்து கொண்டுவந்தார். பூனை என்றார். அவர் வீட்டில் பூனை கிடையாது. கிரேன்காரர்கூட வந்தார். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர் அவர், வேலை போன பிறகும் தினமும் எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பிப்போய் வேலை தேடிவிட்டு மாலையில் திரும்புவார். யாரிடமும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேச மாட்டார். அவரும் ஒரு சட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, கைப்பட்டி கிழிந்துவிட்டது என்று கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை மூன்று நாலு நாளாகத் தெருவில் காணோம். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம்.

அக்காவின் மேல் பலகை நிரம்பி வழிந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோனார், தடவினார், பலகையில் வைத்தார். "எப்படிக் கிழிஞ்சது?" என்று மட்டும் யாரையும் கேட்கவே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷி, இதைக் கேட்காமல் விட்டபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். நாங்கள் ரொம்ப சாமர்த்தியசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்தது பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை காலை. பட்டன் எல்லாம் சின்ன வேலை, நான் பெரிதாகச் செய்கிறேன் என்று என் ஊதா சட்டையின் பையை ஒரு ஓரமாகக் கத்தரித்து, நூலைக் கொஞ்சம் பிய்த்துவிட்டு, தரையில் போட்டுத் தேய்த்து, அக்காவிடம் நீட்டினேன். அன்றைக்குக் கேட்டார்.

"எப்படிக் கிழிஞ்சது?"

"கதவு ஆணியில மாட்டிக்கிச்சுக்கா."

கட்டை விரலால் தடவினார். "ஆணி எப்பத்துலருந்து கத்தரிக்கோல் பிடிக்கப் பழகிச்சு?"

அவர் எழுந்து மேல் பலகையிலிருந்த துணி மூட்டையை அப்படியே அள்ளி மிஷின் மேல் போட்டார். "இது பிளேடு. இது கத்தி. இது உன் வீட்டுக்காரி பல்லால கடிச்சுப் பிச்ச பட்டன், எச்சில் காயறதுக்கு முன்னாடி கொண்டுவந்து குடுத்துட்டா. இந்தத் திரை பூனையாம். பூனை ஸ்கேல் வச்சு கோடு போட்டுக் கிழிக்குமா? ரெண்டு வாரமா பாக்கறேன். என்னை என்னன்னு நினைச்சீங்க எல்லாரும்? பிச்சை போடறதா இருந்தா நேரா போடுங்க, துணியில சுத்திப் போடாதீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமே. "நீங்க மட்டும் என்னவாம்?" என்றேன். "தனியா இருக்கற ஆள், ஒரே ஒரு கதவு, இந்த மூணு மாசத்துல என்கிட்ட அஞ்சு சாவி போட்டு வாங்கியிருக்கீங்க. அஞ்சாவது சாவியை எதுல மாட்டி வச்சிருக்கீங்க? நான் கேட்டனா?"

அவர் வாயைத் திறந்தார். ஊசியக்காவுக்குப் பேச்சு வராமல் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஜெயித்துவிட்ட மிதப்பில் வாசலை நோக்கித் திரும்பினேன்.

"நில்லு. அப்படியே நில்லு." குரல் மாறியிருந்தது. "பின்னாடி என்னது அது?"

என் பேண்ட்டின் உட்காரும் இடத்தில் தையல் விட்டு ஒரு மாதமாகிறது. காகிதங்களைச் சேர்த்து அடிக்கிற ஸ்டேப்ளர் என் கடையில் உண்டு. அதை வைத்து உள்பக்கமாக வரிசையாகப் பின் அடித்திருந்தேன். குனியாமல் இருந்தால் தெரியாது. உட்காரும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து உட்கார வேண்டும்.

"பதினோரு பின்" என்றார் அக்கா, பின்னால் குனிந்து பார்த்து. "ஏண்டா, நல்ல சட்டையை வெட்டி என்கிட்ட குடுக்கத் தெரியுது. இதை ஏன் கொண்டுவரலை?"

"இதை எப்படிக்கா கொண்டுவர்றது? அசிங்கமா இருக்கு. இந்த நிலைமையில இருக்கோம்னு தெரிஞ்சா..."

"யாருக்குத் தெரிஞ்சா?"

அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்நூறு தடவை தைத்த தன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் கடைக்குக் கிழிசல் வராமல் போயிற்று என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. தெருவில் கிழிசல் இல்லாமல் இல்லை. எல்லாரும் அதை ஒளித்து வைத்திருந்தோம்.

மறுநாள் காலையில் அக்கா கடையைப் பூட்டிக்கொண்டு, அந்த வெட்டிய துணிகளை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்து மடித்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். முதல் வீடு என்னுடையது. சட்டையை என் வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, "பீரோவைத் திற" என்றார். அவள் மழுப்பிப் பார்த்தாள். அக்கா நகரவில்லை. கீழ்த்தட்டிலிருந்து வந்தது ஒவ்வொன்றாக: மெத்தை உறை, நடுவில் பெரிய ஓட்டை. என் மகளின் பள்ளிக்கூடப் பை, ஜிப் போய்க் கயிறு கட்டியிருந்தது. அவளுடைய குளிர்ச்சட்டை, கை முழங்கைவரைதான் எட்டும். "இது தேய்ஞ்சு கிழிஞ்சது" என்று சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. நல்ல நோயைக் கண்டுபிடித்த டாக்டர் முகம் அப்படித்தான் இருக்கும்.

பேக்கரிக்காரர் வீட்டில் மாவு சலிக்கிற துணியிலிருந்து போர்வைவரை வந்தது. பூனை இல்லாத வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு முழு போர்வைகூட இல்லை. எந்த வீட்டிலும் அக்கா பரிதாபப்படவில்லை. திட்டினார். "இதை மூணு மாசத்துக்கு முன்னாடியே கொண்டுவந்திருந்தா ரெண்டு தையல்ல முடிஞ்சிருக்கும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சத்தம் கேட்டது. திட்டு வாங்கியவர்கள் நிம்மதியாக நின்றார்கள். எதிர் வீட்டிலும் அதே திட்டு விழுகிறது என்று காதில் கேட்டதே, அதனால் இருக்கும். புதுசு வாங்க வழியில்லாத நேரத்தில் இருக்கிற துணி இன்னும் இரண்டு வருஷம் வரும் என்றால், கூலி கொடுக்க யாருக்கும் மனம் நோகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மூன்று பலகையும் நிரம்பியிருந்தது. "அப்ப அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடலாம்ல" என்றேன்.

"நல்லா இருக்கே. இது இருபது நாள் வேலை, தம்பி. அப்புறம்? ஒரு பையில எத்தனை ஜிப் வைப்பாங்க? மிஷின் போயிட்டா மீதியைக் கையாலயே தைச்சு முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பறேன்."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் மேலே வாதாடாமல் என் கடைக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலையில் ஒரே ஒரு வீடு பாக்கி. கிரேன்காரர் வீடு. அவருடைய சட்டையை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொண்டு அக்கா என்னையும் கூப்பிட்டார். அவர் வீட்டில் தனியாகப் போய்ப் பேச அக்காவுக்கே தயக்கம். கதவைத் திறந்தவர் பனியனில் இருந்தார். காய்ச்சல் மாதிரித் தெரியவில்லை. சட்டையைக் கண்டதும் சட்டென்று கையை நீட்டி வாங்கி, எங்கள் முன்னாலேயே போட்டுக்கொண்டு, மேல் பட்டன்வரை மாட்டினார். அப்புறம்தான் உட்காரச் சொன்னார்.

"அண்ணே, பீரோவைக் கொஞ்சம் திறங்க. தைக்க வேண்டியது இருந்தா எடுத்துட்டுப் போறேன்."

"ஒண்ணும் இல்லம்மா. பீரோ சாவியும் தொலைஞ்சுபோச்சு."

"அதுக்குத்தான் ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று அக்கா என்னைக் காட்டினார். நானும் அசடு மாதிரிக் குனிந்து பூட்டைப் பார்க்கப் போனேன். அவர் என் தோளில் கை வைத்தார். "சிரமப்படாதேப்பா" என்றார் மெதுவாக. தொலைந்துபோனதாகச் சொன்ன சாவியை இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து அவரே திறந்தார்.

மேல் தட்டில் இரண்டு பனியன். அவர் மனைவியின் துணி கொஞ்சம். நடுத் தட்டு காலி. கீழ்த் தட்டில் நீலத் துணியில் ஏதோ அடுக்கியிருந்தது. சட்டை என்று ஒன்றுகூட இல்லை.

அக்கா அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். "அண்ணே, மத்த சட்டையெல்லாம்?"

"இது ஒண்ணுதான்மா. மத்ததை எல்லாம் பெரியவன் வேலைக்குப் போன இடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டான்."

"இதைக் குடுத்துட்டு இத்தனை நாளா எப்படி வெளிய போனீங்க?"

"போகலை."

அந்தக் கைப்பட்டி நேர்கோடாக, பிளேடால் வெட்டப்பட்டிருந்தது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பூட்டைத் திறக்கக் குனிந்தேனே என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா சட்டென்று தரையில் உட்கார்ந்து கீழ்த் தட்டிலிருந்த நீலத் துணியை இழுத்தார். தொழிற்சாலை உடுப்பு, ஆறு செட். முதுகில் கொட்டை எழுத்தில் கம்பெனிப் பெயர்.

"இதை ஏன் போடறதில்லை?"

"இதைப் போட்டுட்டு எங்கம்மா வேலை கேட்டுப் போறது? துரத்தின ஆள்னு முதுகுலயே எழுதியிருக்கே. எங்க ஆளுங்க யாருமே தொடறதில்லை. எல்லார் வீட்டுலயும் அடியில கிடக்கு."

அக்காவின் கட்டை விரல் துணியின் மேல் நின்றது. "எல்லார் வீட்டுலயுமா?"

"வருஷத்துக்கு ரெண்டு செட் குடுத்தாங்களே."

அக்கா உடுப்பைத் திருப்பினார், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "இது இன்னும் பத்து வருஷம் உழைக்கும்" என்று தனக்குத்தானே சொன்னார். "முதுகை மட்டும் வெட்டி எடுத்துடலாம். பேண்ட் காலைப் பிரிச்சா புது முதுகு. மூணு செட்டுல ரெண்டு சட்டை, ஒரு பேண்ட் வரும். பேர் இருக்கற துணியை உள்பக்கமாத் திருப்பிப் பிள்ளைங்களுக்குப் பை தைக்கலாம்." ஆறு செட்டையும் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தவர் கிரேன்காரரிடம், "அளவு எடுக்கணும். மத்தியானம் கடைக்கு வாங்க" என்றார். கெஞ்சலாக இல்லை. உத்தரவு.

தெருமுனை திரும்பும்போதே அக்காவின் கடை வாசலில் வண்டி நிற்பது தெரிந்தது. பூட்டின கடையை என் வீட்டுக்காரி திறந்துவிட்டிருக்கிறாள், அந்த ஐந்து சாவியில் ஒன்று அவளிடம் இருந்திருக்கிறது. மிஷின் வாங்க வந்த ஆள் உள்ளே டேப்பை வைத்து நீள அகலம் அளந்துகொண்டிருந்தார். பேக்கரிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார்.

அக்கா அவரைத் தாண்டி உள்ளே போய், தோளிலிருந்த நீல மூட்டையை மிஷின் மேல் போட்டார்.

"கையை எடுங்க தம்பி. அதுல வேலை இருக்கு."

"இன்னிக்குத்தானே வரச் சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பு என் மேலதான். டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

வந்தவர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். அக்கா கத்தரிக்கோலை எடுத்து, முதல் உடுப்பின் முதுகை ஓரம் பார்த்து வெட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஒரே ஒரு சட்டைடா. அதையும் எனக்காக வெட்டிட்டு, வெளிய வர முடியாம வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கார். இவங்களை விட்டுட்டு நான் எங்கயோ போய்க் காலர் தைக்கணுமா?"

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிரேன்காரர் தெருவில் நடந்தார். நீலச் சட்டை, நீலப் பேண்ட், தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. முதுகில் ஒரு எழுத்துகூட இல்லை. அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் பேக்கரி வாசலில் அவரை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "புதுசா? எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

கிரேன்காரர் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். அந்த ஆள் துணியைத் தொட்டுப் பார்த்தார். அது என்ன துணி என்று அவருக்குத் தெரியாதா. உடனே வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார்.

பத்து மணிக்குள் அக்காவின் கடை முன்னால் பதினாலு பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு நீல மூட்டை.